சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர் தாபரிப்பு வழக்குப் போடலாமா?

களுதாவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கைக்கு ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கணவர் வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருடமாகிறது. மேசன் வேலை, இப்போது அம்பாறைப் பக்கம் உழைக்கிறார், பிள்ளைகளுக்கு ஒரு சதமும் அனுப்புவதில்லை. தங்கை சட்டத்தரணி இல்லாமல் வழக்குப் போடலாமா, இலவச உதவி எங்கே கிடைக்கும், முதலில் விவாகரத்து எடுக்க வேண்டுமா, அம்மா சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டில் அவர் பங்கு கேட்பாரா என்பவை அவருடைய கேள்விகள். தங்கையோடு வேலை செய்யும் காத்தான்குடித் தோழிக்கும் இதே நிலை, அவருக்கும் இதே வழியா என்று கேட்டிருக்கிறார். தானே தங்கைக்காக நீதிமன்றத்தில் பேசலாமா என்பது கடைசிக் கேள்வி.

நீதிமன்றப் பதிவகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி, நீங்கள் மூன்று விடயங்களை ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். தாபரிப்பு, அதாவது மனைவி பிள்ளைகளுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டிய செலவுப் பணம், வேறு; விவாகரத்து வேறு, வீடு வேறு. தாபரிப்பு வழக்கைத் தங்கை சட்டத்தரணி இல்லாமல் தானே தொடங்கலாம். விவாகரத்து இப்போது தேவையில்லை. தேவைப்படும் நாளில் அதைத் தனியாகச் செய்ய முயல வேண்டாம். வீட்டைப் பற்றிக் கீழே சொல்கிறேன், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

தாபரிப்புக்கு உரிய சட்டம் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும். வசதியுள்ள ஒருவர், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத வாழ்க்கைத் துணைக்கும் தன் பிள்ளைகளுக்கும் மாதாந்தம் பணம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு அது நிற்பதில்லை. 18 முதல் 25 வயது வரையுள்ள பிள்ளை, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால், அவருக்கும் கேட்கலாம். மாற்றுத்திறனாளியான பிள்ளைக்கு வயதெல்லை இல்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. தகப்பன் யார் என்பதை நிறுவ வேண்டும், அவ்வளவுதான். விவாகரத்து எடுத்தால்தான் தாபரிப்பு கிடைக்கும் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். அது பிழை. மனைவியாக இருந்துகொண்டேதான் கேட்பது.

கணவர் அம்பாறையில் வேலை செய்வதால் அங்கே போய் வழக்குப் போட வேண்டியதில்லை. தங்கை வசிக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்திலேயே போடலாம். உங்களுக்கு அது களுவாஞ்சிகுடி. இதில் இன்னொரு நன்மை, வழக்கு தமிழில் நடக்கும். அம்பாறை நகரில் சிங்களத்தில் நடக்கும் வழக்கில் மாட்டிக்கொண்ட தமிழ்ப் பெண்கள், என்ன நடந்தது என்று வெளியே வந்து யாரிடமாவது கேட்டு அறிவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நிலை வந்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது உரிமை. அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை அதைத் தருகிறது. வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

இனி, மிக முக்கியமான எச்சரிக்கை. குடும்பப் பிரச்சினை என்றதும் நம்மவர்கள் முதலில் போவது பொலிஸ் நிலையத்துக்கு, அல்லது ஊர்ப் பெரியவர்களிடம். அங்கே இரு பக்கத்தையும் இருத்தி ஒரு கடதாசி எழுதுவார்கள். “இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம், கணவர் மாதம் இவ்வளவு தருவார்” என்று ஒரு வசனம் அதில் வரும். எழுதுபவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் தாபரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, இருவரும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்து வாழ்ந்தால் வாழ்க்கைத் துணைக்குத் தாபரிப்புக் கட்டளை இல்லை என்கிறது. அந்த ஒரு வசனத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு நீதிமன்றத்துக்கு வந்து தனக்கும் பணம் கேட்டால், மறுபக்கச் சட்டத்தரணி அந்தக் கடதாசியைத்தான் முதலில் நீட்டுவார். பிள்ளைகளின் தாபரிப்பை அது தொடாது, மனைவியுடையதைத் தொடும். தங்கை ஏற்கெனவே எதிலாவது கையெழுத்து வைத்தாரா என்று இன்றைக்கே கேளுங்கள். வைத்திருந்தால் அதன் பிரதியை எடுத்துக்கொண்டு, கீழே சொல்லும் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள்; அப்போது தனியாகப் போக வேண்டாம். வைக்கவில்லையென்றால் இனியும் வைக்க வேண்டாம். போதாததற்கு, கணவர் பணம் தராமல் விட்டால் பொலிஸில் எழுதிய அந்தக் கடதாசியை வைத்து மாதப் பணத்தை அறவிடவும் முடியாது. நீதிமன்றக் கட்டளை வேண்டும்.

வழக்குத் தொடங்குவது எப்படி? ஒரு விண்ணப்பமும், அதிலுள்ளவை உண்மை என்று சொல்லும் சத்தியக்கடதாசியும் தேவை. சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியம் செய்து கையெழுத்திடலாம். திருமண அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை இணைக்க வேண்டும். சுனாமியில் பத்திரங்களை இழந்து இன்னும் பிரதி எடுக்காத குடும்பங்கள் கரையோரத்தில் இருக்கின்றன. பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்தால் கிடைக்கும், ஆனால் அதற்கு நாளெடுக்கும் என்பதால் அதை முதலில் செய்யுங்கள்.

நீதிமன்ற வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு இருப்பவர்களிடம் எழுதுவிக்கலாம். அவர்களில் கெட்டிக்காரர்கள் உண்டு. ஆனால் பலர் ஒரே அச்சில் எல்லாருடைய கதையையும் வார்ப்பார்கள். “எதிராளி குடித்துவிட்டு அடிப்பவர், வேறு பெண்ணோடு தொடர்புடையவர்” என்று, நடந்ததோ இல்லையோ, எழுதிவிடுவார்கள். சாட்சிக்கூண்டில் ஏறிய பிறகு, “அடித்தாரா?” என்று கேட்டால், “இல்லை ஐயா” என்று உண்மையைச் சொல்லும் பெண்ணின் மீதி வாக்குமூலமும் அந்த நிமிடமே பலவீனப்படும். எழுதியதை முழுதும் வாசித்துப் பார்த்து, நடக்காததை வெட்டச் சொல்ல வேண்டும்.

இந்த வழக்கை நிறுத்தி வைப்பவை இரண்டு: முகவரியும் வருமானமும். அழைப்பாணை கணவரின் கைக்குப் போய்ச் சேராவிட்டால் வழக்கு நகராது. தவணைக்கு மேல் தவணையாகத் தள்ளிப்போகும் தாபரிப்பு வழக்குகளில் பெரும்பாலானவை எதிராளி ஒளிந்து திரிவதால் தள்ளிப்போனவை. ஆகவே அவர் அம்பாறையில் எங்கே தங்கியிருக்கிறார், யாருடைய கட்டட வேலையில் நிற்கிறார், அவருடைய தாய் தகப்பன் வீடு எது என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். இந்த வேலையைத் தங்கையை விட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள்.

வருமானத்தை நிறுவுவது, அரசாங்க உத்தியோகத்தர் என்றால் எளிது. சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லி நீதிமன்றம் வேலை கொள்வோருக்குக் கட்டளையிடலாம். மேசன், மீன்பிடி, ஓட்டோ என்றால் எதிராளி “எனக்கு நிரந்தர வேலை இல்லை ஐயா” என்பார். ஒவ்வொரு முறையும் இதே வசனம்தான். அங்கே திட்டுவதில் பயனில்லை. நாட்கூலி எவ்வளவு என்று சொல்லக்கூடிய ஒரு மேசன் பாஸ் (வேலைத் தலைவர்), அவர் குத்தகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளின் மாதக் கட்டணம், வேலை நடக்கும் இடத்தில் அவர் நிற்கும் ஒரு படம் போன்றவை பேசும். உழைக்கும் வலுவுள்ள ஆண், கையில் காசில்லை என்று சொல்லி மட்டும் தப்ப முடியாது. மறுபுறம், தங்கையின் மாதச் செலவை வரிவரியாக எழுதுங்கள்: அரிசி, பால்மா, பள்ளிக்கூட வான், டியூசன், மருந்து, மின்கட்டணம். “மாதம் ஐம்பதாயிரம் வேண்டும்” என்று மொட்டையாகக் கேட்பவருக்கும் கணக்கோடு கேட்பவருக்கும் நீதவான் காட்டும் கவனம் ஒன்றல்ல.

தாமதிக்க வேண்டாம். கட்டளை வழங்கப்படும்போது பணம் பொதுவாக விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து கணக்கிடப்படும். போன ஒன்றரை வருடத்துக்கான பணத்தை இந்த வழக்கில் திரும்பப் பெறலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தாபரிப்புக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. சட்டத்தரணி இல்லாமல் வருபவர்கள் இதைக் கேட்கத் தெரியாமல் மாதக்கணக்கில் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். விண்ணப்பத்திலேயே அதையும் எழுதிவிடுங்கள்.

தவணை நாளில் காலை ஒன்பது மணிக்கே போய்விட வேண்டும். பெயர் கூப்பிடும்போது மண்டபத்துக்குள் இருக்க வேண்டும். வெளியில் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் கூப்பிட்டு, விண்ணப்பதாரர் இல்லை என்று வழக்குத் தள்ளுபடியானவர்கள் உண்டு. நீதவான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அடுத்த தவணைத் திகதியையும் வழக்கு இலக்கத்தையும் எழுதிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். கணவர் அங்கே வந்து, “பிள்ளைகளை என்னிடம் தரட்டும், நான் பார்க்கிறேன்” என்று சொல்லக்கூடும். இதைக் கேட்டதும் பெண்கள் அழுதுவிடுகிறார்கள். அழத் தேவையில்லை. பிள்ளை யாரிடம் வளர்வது என்பதைத் தீர்மானிக்கும் இடம் மாவட்ட நீதிமன்றம். அங்கே பிள்ளையின் நலன்தான் முதலில் பார்க்கப்படும். தாபரிப்பு வழக்கில் அவர் அப்படிச் சொன்னதற்காக யாரும் அன்றைக்கே பிள்ளையைப் பிடுங்கிக் கொடுக்க மாட்டார்கள்.

கட்டளை கிடைத்த பிறகும் பணம் வரவில்லையென்றால், அதே நீதிமன்றத்தில் நிலுவைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிடியாணை வரும். செலுத்தாத ஒவ்வொரு மாதப் பணத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதவானுக்கு உண்டு. சிறைக்குப் போகும் கதவைப் பார்த்ததும் மைத்துனரிடமோ முதலாளியிடமோ கடன் வாங்கிக் கட்டுபவர்கள்தான் அதிகம். பணத்தைக் கையில் வாங்க வேண்டாம். நீதிமன்றம் ஊடாகவோ வங்கிக் கணக்கு ஊடாகவோ வரட்டும். “போன மாதம் கையில் கொடுத்தேனே” என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது.

இலவச உதவி என்று நீங்கள் கேட்டது முதன்மையாகச் சட்ட உதவி ஆணைக்குழுவைத்தான். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச நிறுவனம் அது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அம்பாறையிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. அங்கே சட்டத்தரணிகள் இருப்பார்கள். ஆலோசனை மட்டும் வேண்டுமென்றாலும் போகலாம். வழக்கில் தோன்ற வேண்டுமென்றால் வருமானம் பார்ப்பார்கள்; அதற்குக் கிராம உத்தியோகத்தரின் வருமான உறுதிப்படுத்தல் கடிதத்தைக் கையோடு கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். அங்கே கூட்டம் அதிகம், ஒரு சட்டத்தரணி பல நீதிமன்றங்களுக்கு ஓடுபவராக இருப்பார், உங்கள் கதையை முழுதாகக் கேட்க அவருக்கு நேரமிராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்து போங்கள். நடந்ததைத் திகதி வாரியாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு பக்கம் உங்கள் வழக்குக்குச் செய்யும் உதவி பெரிது. “இலவசச் சட்டத்தரணி ஏனோதானோ என்று பேசுவார்” என்று பயமுறுத்தி, வெளியில் ஒருவரிடம் கூட்டிப்போகத் தரகர்கள் காத்திருப்பார்கள். அவர்களைத் தாண்டி நடந்து போங்கள்.

பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். படிவம் நிரப்பவும், யாரிடம் போவதென்று வழிகாட்டவும் அவர்கள் கூலியில்லாமல் உதவுவார்கள். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் வரை கூடவே வந்த காலங்களும் உண்டு. மத்தியஸ்த சபையைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். சமரசத்துக்கு நல்ல இடம். ஆனால் அங்கும், மேலே சொன்ன “சம்மதத்துடன் பிரிந்து” என்ற வசனத்தில் கண் இருக்கட்டும்.

நீங்கள் அடிதடி பற்றி ஒன்றும் எழுதவில்லை. அப்படி இருந்து மறைத்திருந்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தங்கைக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். இடைக்காலக் கட்டளை உடனே கிடைக்கக்கூடும், விசாரணை பதினான்கு நாட்களுக்குள் வைக்கப்பட வேண்டும், முழுக் கட்டளை பன்னிரண்டு மாதம் வரை நிற்கும். வீட்டுப் பக்கம் வராதே என்று அவரைத் தடுக்கவும் முடியும். மீறினால் ஒரு வருடம் வரை சிறை. அவசரத்துக்குப் பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் உண்டு.

திருமணம் பதியவில்லையென்றால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. யுத்த காலத்தில் கோயிலில் தாலி கட்டி, பதிவுக்குப் போகாமல் விட்டவர்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை. பொதுச் சட்டத்தில் பதிவு என்பது திருமணத்துக்கு மிகச் சிறந்த சாட்சி. பதிவில்லாததாலேயே திருமணம் இல்லையென்று ஆகிவிடாது. சடங்கு நடந்ததையும், ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததையும் காட்டலாம். ஐயர், படங்கள், வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் எல்லாம் உதவும். ஆனால் இப்படியான வழக்கைத் தனியாக நடத்துவது சிரமம். சட்ட உதவியை நாடுவதே நல்லது.

விவாகரத்து ஏன் வேண்டாம் என்கிறேன்? அது மாவட்ட நீதிமன்றத்து வேலை, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி எழுத்தாவணங்கள் போக வேண்டும், அங்கே ஒரு சொல் பிழைத்தால் வருடங்கள் போகும். 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்லும் காரணங்கள் மூன்று: பிறர்மனைத் தொடர்பு, வன்மமாகக் கைவிட்டுச் செல்லுதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது உடலுறவு இயலாமை. இருவருக்கும் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. யார் கைவிட்டார், எந்த எண்ணத்தோடு போனார் என்பதை நிறுவ வேண்டும். வென்றாலும் முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பாணைதான். மூன்று மாதம் கழித்தே அது முடிந்த முடிபாகும். அதற்குள் மறுமணம் செய்தால் சட்டம் அதை மணமாக ஏற்காது. தங்கைக்கு இன்று வேண்டியது பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு. விவாகரத்தை அவர் மனம் தெளிந்து கேட்கும் நாளில் பார்க்கலாம்.

வீடு. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தமிழரும் முஸ்லிம்களும் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே இருத்துவது நம் வழமை. ஆகவே பிரிவு வந்தால் பெரும்பாலும் வெளியேறுவது ஆண்தான். அம்மா தங்கையின் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதியிருந்தால், 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டப்படி அது அவருடைய தனிச் சொத்து. பிரிந்ததற்காகக் கணவருக்குப் பங்கு வராது. யாழ்ப்பாணத்து உறவினர் யாராவது, “விற்பதென்றாலும் புருஷன் கையெழுத்து வேண்டும்” என்று சொல்லியிருப்பார்கள். அது தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழருக்கு உரியது, நமக்கல்ல. நமக்கிருந்த முக்குவர் வழமையின் சொத்துவிதிகளும் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு போய்விட்டன. ஆனால் ஒன்று: விவாகரத்து ஆகாமல், மரணசாசனமும் எழுதாமல் தங்கை இறந்தால் கணவருக்குப் பாதி போகும். அது உறுத்தினால் ஒரு நொத்தாரிசிடம் போய் மரணசாசனம் எழுதலாம். காணி உறுதிக் காணியாக இல்லாமல் அரச அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தாலோ, கணவர் தன் காசில் மேல்மாடி கட்டியிருந்தாலோ கணக்கு வேறு. பத்திரத்தோடு சட்டத்தரணி ஒருவரைப் பார்க்க வேண்டும்.

காத்தான்குடித் தோழிக்கு வழி வேறு. முஸ்லிம் திருமணத்தில் மனைவி பிள்ளைகளின் தாபரிப்பு, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்கு உரியது. அங்கே சட்டத்தரணி யாருக்காகவும் தோன்ற முடியாது. பணக்காரரும் ஏழையும் தாமே பேச வேண்டும். கேட்க நியாயமாகத் தோன்றும். பேசப் பழகிய ஆணுக்கும் பேச விடாமல் வளர்க்கப்பட்ட பெண்ணுக்கும் அது சமமான மேடையல்ல என்பது என் எண்ணம். இந்தச் சட்டம் பெண்ணைக் காதியாக நியமிக்கவும் இடம் வைக்கவில்லை. சீர்திருத்தம் பற்றி 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது, விவாதம் அதன் பிறகும் ஓயவில்லை. தோழி செய்யக்கூடியது, காதியிடம் போகுமுன் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை பெற்று, கேட்க வேண்டியதை எழுத்தில் கொண்டு போவது. வாயால் சொன்னது பதிவில் ஏறாமல் போகலாம். மஹர் (திருமணத்துக்காகக் கணவர் மனைவிக்குக் கொடுக்க வேண்டியது) பாக்கி இருந்தாலும், மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலி திரும்ப வர வேண்டியிருந்தாலும் அதையும் கேட்கலாம். காதியின் கட்டளைப்படி பணம் வராவிட்டால் அதை அறவிட நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டத்தில் சட்டத்தரணி வரலாம். தீர்ப்பில் திருப்தியில்லையென்றால் கொழும்பிலுள்ள காதிகள் சபைக்கு மேன்முறையீடு உண்டு. நாட்கெடு குறுகியது, ஆகவே தீர்ப்பின் பிரதியை அன்றைக்கே கேட்க வேண்டும்.

நீங்கள் தங்கைக்காகப் பேச முடியாது, தம்பி. நீதிமன்றத்தில் இன்னொருவருக்காகப் பேசும் உரிமை சட்டத்தரணிக்கு மட்டும்தான். ஆனால் கூடப் போகலாம், பின்வாங்கில் இருக்கலாம், கடதாசிக் கோப்பைப் பிடித்திருக்கலாம், எதிராளியின் முகவரி பற்றித் தேவைப்பட்டால் சாட்சி சொல்லலாம். தவணை நாளில் நான்கு வயதுப் பிள்ளையை வீட்டில் யார் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். நீதிமன்றத்தில் மதியம் தாண்டியும் இருக்க வேண்டி வரும்.